பிமினி கான்வாஸ் மேல் வளையும் சோலார் பேனல்: எப்படிப் பொருத்துவது?

கடற்காகம்

வணக்கம் நண்பர்களே. நம்முடையது 34 அடி பாய்மரப் படகு, சாங்கிப் பக்கம் மிதவையில் கட்டியிருக்கிறது. கரை மின்சாரம் கிடையாது, எஞ்சினை ஓட்டினால்தான் பேட்டரி ஏறும். வார இறுதியில் லாசரஸ், குசு தீவுகள். காற்று ஒத்துவரும் மாதங்களில் மலேசியாவின் தியோமான் தீவு. குளிர்பெட்டி, ஆட்டோபைலட், பிளாட்டர் (கடல் வரைபடத் திரை), இரவில் நங்கூர விளக்கு என்று செலவு கூடிக்கொண்டே போகிறது.

சுக்கான் இருக்கும் இடத்துக்கு மேல் பிமினி, அதாவது மடக்கக்கூடிய துணிக்கூரை, போட்டிருக்கிறேன். அக்ரிலிக் கான்வாஸ், 25 மில்லிமீட்டர் குழாயில் மூன்று எஃகு வளைவுகள். அகலம் 2 மீட்டர், முன்பின் நீளம் 1.7 மீட்டர். அதன் மேல் 110 வாட் வளையும் பேனல் இரண்டு போடலாம் என்று நினைப்பு. கடைக்காரர் "வெல்க்ரோ ஒட்டி மேலே வைங்க, வேலை முடிஞ்சது" என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேற்கிலிருந்து திடீரென்று வரும் சுமத்ரா காற்று அடித்தால் பேனல் ஜொகூருக்குப் போய்விடுமே? 220 வாட் போதுமா? வெல்க்ரோவா, ஜிப்பா? போட்டிருப்பவர்கள் சொல்லுங்கள்.

துவாஸ்வாசி

ஒரே வரியில் என் கருத்து: போடாதீர்கள். பிமினிச் சட்டத்தின் மேல் இரண்டு குழாயைக் குறுக்கே வைத்து, கண்ணாடி போட்ட சாதாரணக் கெட்டிப் பேனலைப் பூட்டுங்கள். 100 வாட் கெட்டிப் பேனல் 6, 7 கிலோ. வளையும் பேனல் 2 கிலோ சுற்றி. இரண்டு பேனலுக்கும் சேர்த்து 10 கிலோ சொச்சம்தான் வித்தியாசம், 34 அடிப் படகுக்கு இது ஒன்றுமில்லை. கெட்டிப் பேனல் இருபது வருடம் கிடக்கும். கான்வாஸ் மேல் கிடக்கும் வளையும் பேனல், வாங்கிப் போட்டுத் தீர்ந்ததும் மறுபடி வாங்கும் சாமான். கணக்கில் அப்படித்தான் எழுத வேண்டும்.

கடற்காகம்

அண்ணே, கெட்டிப் பேனல் போட்டால் பிமினியை மடக்க முடியாது. புயல் வருகிறது என்றால் நான் முதலில் மடக்குவது அதைத்தான். சட்டமும் பழசு, மேலே கனம் ஏற்றினால் ஆடும். அதனால்தான் இந்த யோசனை.

மின்கம்பி

முதலில் வெயில் கணக்கைப் பார்ப்போம். சிங்கப்பூரில் ஒரு சதுர மீட்டர் சமதளத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,600 கிலோவாட் மணி வெயில் விழுகிறது. ஒரு நாளுக்கு 4.4. அதாவது 100 வாட் பேனல் தன் முழுத் திறனில் நாளுக்கு 4.4 மணி நேரம் வேலை செய்ததற்குச் சமம். பகல் 12 மணி நேரம், 100 வாட், ஆக 1,200 என்று பெருக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் மேகத்தை மறந்துவிடுகிறார்கள். நமக்கு வரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதி, மேகத்தில் சிதறி வருவதுதான்.

அடுத்தது சூடு. பேனலில் எழுதியிருக்கும் வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கான்வாஸோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் நண்பகலில் 65 டிகிரி வரை போகும், காற்று அசையாத நாளில் அதற்கு மேலும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். 40 டிகிரிக்கு 12 முதல் 16 விழுக்காடு போச்சு. அப்புறம் கம்பி, பேட்டரிக்கு ஏற்றுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், உப்புப் படலம், பறவை எச்சம். எல்லாம் கழித்துப் பார்த்தால் உங்கள் 220 வாட்டுக்கு நாளுக்கு 650 வாட் மணி, 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 50 ஆம்பியர் மணி. டிசம்பர், ஜனவரியில் பருவமழை விடாமல் கொட்டும் நாட்களில் இதில் பாதி வந்தாலே அதிகம்.

நம் ஊர்ச் சூட்டில் குளிர்பெட்டி மட்டுமே 50, 60 கேட்கும். நங்கூரம் போட்டுக் கிடக்கும் நாளில் பிளாட்டர், விளக்கு, போன் எல்லாம் சேர்த்து 70 வரை போகும். ஆக பேனல் முக்கால்வாசியைத் தரும், மிச்சத்துக்கு எஞ்சின். இதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம்.

சாய்த்து வைக்க வேண்டிய கவலை நமக்கு இல்லை. நாம் இருப்பது வடக்கே 1.3 டிகிரியில். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஜூனிலும் டிசம்பரிலும்கூட உச்சியிலிருந்து 25 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. மழைத் தண்ணீர் வழிந்தோடும் அளவுக்குச் சரிவு இருந்தால் சரி. ஒன்று, நண்பகல் என்பது நம் கடிகாரத்தில் பகல் 1 மணி. அளந்து பார்ப்பவர்கள் 12 மணிக்கு அளந்துவிட்டுப் பேனல் சரியில்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ஊசிநூல்

நான் பாயும் கான்வாஸும் தைப்பவள். இதைத் தையல்காரி பக்கமிருந்து பாருங்கள்.

பேனலுக்குள் இருக்கும் சிலிக்கான் செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டாது. அதை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். தாள் வளையும், உள்ளே இருப்பது அப்பளம். மெதுவாக, ஒரே திசையில், ஒரே தடவை வளைத்து அப்படியே விட்டால் தாங்கும். தினமும் படபடவென்று அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், வெளியே பேனல் புதிதாகவே தெரியும், வாட் மட்டும் மாதா மாதம் குறையும். பேனலைக் கெடுப்பது வளைவைவிட ஆட்டம்தான் என்பது என் அனுபவம்.

பிமினித் துணி எப்படி நிற்கிறது என்று பக்கத்திலிருந்து பாருங்கள். வளைவுக் குழாய் இருக்கும் இடத்தில் மேடு. இரண்டு குழாய்க்கு நடுவில் துணி கீழே இறங்குகிறது. குறுக்கே பார்த்தால் குவிவு, முன்பின்னாகப் பார்த்தால் குழிவு. பேனல் ஒரு திசையில்தான் வளையும், இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைக்கப் பார்த்தால் மூலையில் தூக்கும் அல்லது செல் உடையும். நடுக் குழாய்க்கு மேலே குறுக்காகப் பேனலைக் கிடத்துவது அதைவிட மோசம். அந்தக் குழாயின் கோட்டிலேயே ஒரு வரிசை செல் போய்விடும். அதனால் பேனல் எதுவும் குழாயைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு மூன்று குழாய், நடுவில் இரண்டு கட்டம். ஒவ்வொன்றும் முன்பின்னாக 85 சென்டிமீட்டர் இருக்கும். பேனல் அந்தக் கட்டத்துக்குள் அடங்கட்டும்.

வெல்க்ரோவுக்குப் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் பலம் உண்டு, உரிப்பதைத் தாங்கும் பலம் இல்லை. காற்று முன் ஓரத்துக்கு அடியில் புகுந்தால் அது செய்வது உரிப்பதுதான். பசை போட்ட வெல்க்ரோ என்றால் நம் வெயிலில் பசையே இளகிவிடும். ஜிப் போடுங்கள், நான்கு பக்கமும் இல்லாவிட்டாலும் இரண்டு நீளப் பக்கத்துக்கு. பல்லும் இழுப்பானும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், உலோக இழுப்பான் உப்பில் இறுகிவிடும். முன் ஓரத்துக்கு மேல் ஒரு துணி மடிப்பு தைத்து மூடினால் காற்று அடியில் போகாது.

நூல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண பாலியஸ்டர் நூல் இந்த வெயிலில் துணிக்கு முன்னால் இற்றுப்போகும். பிடிஎஃப்இ நூல் விலை அதிகம், ஆனால் வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. பேனலின் ஓரத்தில் நேரடியாகத் தைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தயாரிப்பாளரே தைக்கும் ஓரம் என்று குறித்திருந்தால் தைப்பேன். இல்லையென்றால் ஊசி போட மாட்டேன், ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

ஆமைவேகம்

இவ்வளவு பாடா? எஞ்சினை அரை மணி கூட ஓட்டினால் போதும் லா.

துவாஸ்வாசி

தம்பி, லெட் ஆசிட் பேட்டரி கடைசி இருபது விழுக்காடு ஏற மணிக்கணக்கில் எடுக்கும். அரை மணியில் ஒன்றும் ஆகாது. நங்கூரம் போட்ட இடத்தில் பக்கத்துப் படகுக்காரனுக்கு டீசல் புகையையும் சத்தத்தையும் கொடுப்பதுதான் மிச்சம்.

கடற்காகம்

ஊசிநூல் அக்கா, நன்றி. ஒரு சந்தேகம். 110 வாட் பேனலின் நீளம் 1.1 மீட்டர் பக்கம் வருகிறது. கட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் குறுக்காக நடுவில் வைத்து, முன்கட்டத்தில் ஒன்று, பின்கட்டத்தில் ஒன்று என்றுதான் போட முடியும். ஆனால் பூம் (பாயின் அடியில் இருக்கும் கட்டை) சரியாக நடுக்கோட்டில் இருக்கிறது, அதன் நுனி பிமினியின் முன் ஓரம் வரை வருகிறது. பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியும் நடுவில்தான். இரண்டு பேனலிலும் நிழல் விழாதா?

மின்கம்பி

விழும். இந்தத் தொல்லைதான் வெயில் குறைவதைவிடப் பெரிது, கவனமாகப் படியுங்கள்.

ஒரு பேனலில் 32 அல்லது 36 செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் போக வேண்டும். ஒரு செல் நிழலில் இருந்தால் அது மின்சாரம் தருவதை நிறுத்திவிட்டு மற்ற செல்கள் தருவதைத் தின்று சூடாகும். பைபாஸ் டையோடு (மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பாகம்) இருந்தால் மின்னோட்டம் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகும், ஆனால் அந்தப் பகுதி முழுவதும் நஷ்டம். மலிவான வளையும் பேனல்களில் டையோடு ஒன்றே ஒன்று, அல்லது அதுவும் இல்லை. கெட்டிப் பேனலில் அடியில் காற்று போகிறது, கண்ணாடி இருக்கிறது, சூடு பரவிவிடும். கான்வாஸில் அடியும் மேலும் பிளாஸ்டிக், அதற்கு அடியில் துணி. அந்த ஒரு செல் கருகிப் பழுப்பு வட்டம் விழும், சில நேரம் துணியிலும்.

கம்பி நிழல் மெல்லிசுதானே என்று விட வேண்டாம். பின்கம்பியின் நிழல் ஒரு வரிசை செல்லின் மேல் நீளமாகக் கிடந்தால் பாதிப்பு தெரியும். பறவை எச்சம் இன்னும் மோசம், நகரவே நகராது.

மரீனாவில் கட்டியிருக்கும் படகு ஒரே திசையைப் பார்த்து நிற்கும், நிழல் எங்கே விழும் என்று ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் மிதவையில் இருக்கிறீர்கள். நீரோட்டம் மாறும்போதெல்லாம் படகு திரும்பும், நிழலும் இடம் மாறும். அதனால் எனக்கு வேண்டியது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒன்று நிழலில் இருந்தாலும் மற்றது ஓடும். ஆனால் ஊசிநூல் சொன்ன கட்டக் கணக்கில் 1.1 மீட்டர் பேனல் அப்படி அடங்காதே.

ஊசிநூல்

ஏன் 110 வாட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? 50 வாட் பேனல் நான்கு. ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் சதுரத்தில் கிடைக்கும். கட்டத்துக்கு இரண்டு, இடம் ஒன்று வலம் ஒன்று, நடுவில் பின்கம்பி நிழலுக்கு ஒரு கை அகலம் விட்டுவிடலாம். சின்னப் பேனல் குறைவாக வளையும். கழற்றிக் கீழே கொண்டுபோக ஒரே ஆள் போதும்.

மின்கம்பி

இது எனக்கும் பிடித்திருக்கிறது. இடப்பக்க இரண்டையும் இணையாகச் சேர்த்து ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த அளவு திறனை எடுக்கும் வகை), வலப்பக்க இரண்டுக்கும் இன்னொன்று. தொடராகச் சேர்க்காதீர்கள், நிழல் விழுந்த பேனல் மற்றதையும் இழுத்துவிடும். 200 வாட்டுக்கு நாளுக்கு 45 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து குறைந்தால் ஒன்றும் குடி முழுகாது. வாங்கும்போது 12 வோல்ட் வகை என்று கேளுங்கள், திறந்த சுற்றில், அதாவது எதையும் மாட்டாமல் அளந்தால், 20 வோல்ட்டாவது வர வேண்டும். சில கன்ட்ரோலர்கள் விழித்துக்கொள்ளவே பேட்டரியைவிட 5 வோல்ட் அதிகம் கேட்கும், சூட்டில் பேனலின் வோல்ட் இறங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நங்கூரம்

நான் பல வருடமாகப் படகிலேயே குடியிருக்கிறேன், ஜொகூர் நீரிணைக்கும் லங்காவிக்கும் நடுவில். வளையும் பேனல் போட்ட படகுகளை நிறையப் பார்த்தாயிற்று. சொல்ல வேண்டியது மேல்தாள் பற்றி.

மேல்தாள் பெட் பிளாஸ்டிக்காக இருந்தால் வெயிலில் மஞ்சளாகி, பொரிந்து, நீர் உள்ளே போய்விடும். நம் பக்கத்து வெயிலில் இரண்டு மூன்று வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம். இடிஎஃப்இ தாள் நீண்ட நாள் வரும், அழுக்கும் அவ்வளவாக ஒட்டாது. கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். இடிஎஃப்இ-க்குச் சொரசொரப்பான புள்ளி புள்ளி மேற்பரப்பு இருக்கும் என்பார்கள், ஆனால் பெட் தாளிலும் அதே மாதிரி அச்சுப் போடுகிறார்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செல்லிலும் வித்தியாசம் உண்டு. முன்பக்கம் மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடும் சாதாரணச் செல்லில் விரிசல் விழுந்தால் அந்தக் கோடு அறுந்து, உடைந்த துண்டு செத்துவிடும். மேக்சியான் மாதிரி, இணைப்பெல்லாம் பின்பக்கம் செம்பு அடித்தளத்தில் இருக்கும் செல் விரிசல் விட்டாலும் துண்டுகள் செம்போடு ஒட்டியே இருக்கும், மின்சாரம் வந்துகொண்டிருக்கும். கான்வாஸுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சுருட்டக்கூடிய மெல்லேடு வகைப் பேனலும் இருக்கிறது, நிழலைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும், ஆனால் அதே வாட்டுக்கு இடம் கூட வேண்டும். உங்கள் பிமினியில் அந்த இடம் இல்லை.

அப்புறம் காற்று. சுமத்ரா காற்று ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீச்சு போகும். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ அழுத்தம். உங்கள் பிமினி 3.4 சதுர மீட்டர். பேனல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100 கிலோ இழுப்பு அந்தக் குழாய்களுக்கு. மேற்கே வானம் கறுத்தால் முதலில் பேனலைக் கழற்றுங்கள், பிறகு பிமினியை மடக்குங்கள். மாற்றிச் செய்தால் பேனலோடு சேர்த்து மடக்கிவிடுவீர்கள். கழற்றியதைப் படுக்கை மெத்தைக்கு அடியில் தட்டையாக வைக்கலாம், கூர்மையான எதுவும் அடியில் இல்லாமல்.

துவாஸ்வாசி

சூட்டைப் பற்றி யாரும் தீர்வு சொல்லவில்லையே. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-இல் திறந்த 60 மெகாவாட் மிதக்கும் பேனல்களைப் பாருங்கள். கூரைப் பேனலைவிட 5 முதல் 15 விழுக்காடு கூடத் தருகிறது என்று நம் தண்ணீர் வாரியமான பியூபி சொல்கிறது, காரணம் தண்ணீரின் குளிர்ச்சி. அங்கே குளிர்ச்சிக்கு அவ்வளவு மதிப்பு, இங்கே நீங்கள் பேனலைப் போர்வை மேல் கிடத்துகிறீர்கள். கெட்டிப் பேனலுக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது என்பதை மறுபடியும் பதிவு செய்கிறேன்.

நங்கூரம்

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கு ஒரு வழி, உள்ளே குழல் குழலாக இருக்கும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தாள், 4 அல்லது 6 மில்லிமீட்டர். அதைப் பேனலுக்கும் கான்வாஸுக்கும் நடுவில் வைத்து, குழல்கள் முன்பின்னாக ஓடும்படி திருப்பி, இரண்டு முனையையும் திறந்து விடுங்கள். படகு காற்றைப் பார்த்து நிற்கும்போது குழல் வழியாகக் காற்று போகும். துணிக்குச் சூடு இறங்குவது குறையும், கீழே நிற்கிறவர் தலைக்கும் நல்லது. பேனல் படபடப்பதும் குறையும், பாதி லாபம் அதில்தான்.

ஊசிநூல்

செய்யலாம். ஆனால் தாளின் மூலைகளை உருட்டி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணியை அறுக்கும். முன் மடிப்பைக் குழல் வாயை மூடாமல் தைக்க வேண்டும், அங்கே வலைத்துணி வைத்தால் காற்று வரும். துணிக்கு அடியில் ஒரு பை தைத்து, பாய்க்குப் போடும் கண்ணாடியிழைப் பட்டையை முன்பின்னாகச் செருகினால் அந்தக் குழிவும் நிமிர்ந்துவிடும்.

மின்கம்பி

யாரும் கேட்காத கேள்வி ஒன்று. வாரத்தில் ஐந்து ஆறு நாள் படகில் யாருமே இல்லை, குளிர்பெட்டி அணைந்திருக்கிறது. அப்போது 200 வாட் எதற்கு? அடித்தளத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் பேட்டரியின் சொந்தக் கசிவுக்கும் 20, 30 வாட் போதும். பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் சின்னக் கெட்டிப் பேனல் ஒன்றை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். வளையும் பேனல் நான்கும் கேபினுக்குள் இருக்கட்டும், படகு எடுக்கும் அன்று மட்டும் மேலே ஏறட்டும். வெயில் படும் நாள் குறைந்தால் ஆயுள் பல மடங்கு கூடும். சாங்கியில் அடிக்கும் காலைக் காற்றுக்கும் நீங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டாம்.

துவாஸ்வாசி

இப்படி என்றால் எனக்கு ஆட்சேபம் பாதி குறைகிறது. பாதிதான்.

கடற்காகம்

இதுதான் எனக்குப் பொருந்துகிறது. பாயை எடுத்துக் கட்டுவதோடு பேனலையும் கட்டுவது, திரும்பி வந்ததும் இரண்டையும் இறக்குவது. 50 வாட் நான்கு, பின்பக்க இணைப்புச் செல், இடிஎஃப்இ, ஜிப். கம்பி எப்படி உள்ளே கொண்டுபோவது? அடிக்கடி கழற்றி மாட்டினால் இணைப்பான் கெடாதா?

மின்கம்பி

பேனல் கம்பிகளில் வரும் எம்சி4 இணைப்பான் தினமும் கழற்றுவதற்குச் செய்ததல்ல, ஆனால் வார இறுதிக்குத் தாங்கும். ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாகப் பாருங்கள். வெவ்வேறு தயாரிப்பைக் கலந்தால் தொடும் இடம் சூடாகும். இணைப்பானைத் துணிக்கு மேலே வெயிலில் போடாமல் அடிப்பக்கம் குழாயோடு கட்டுங்கள். கழற்றியதும் வாய்க்கு மூடி போட வேண்டும். ஈயம் பூசிய செம்புக் கம்பி, 4 சதுர மில்லிமீட்டர். டெக்குக்குள் நுழையும் முன் கம்பியை ஒரு தொங்கலாக விட்டு மேலே ஏற்றுங்கள், மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் முறுக்கிக் கொண்டுபோங்கள், திசைகாட்டிக்குப் பக்கத்தில் தனித்தனியாகப் போனால் முள் விலகும். மலிவுக் கன்ட்ரோலர் விஎச்எஃப் வானொலியில் இரைச்சல் போடும். மாட்டிய அன்றே அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலைத் திறந்து கேட்டுப் பாருங்கள்.

கடற்காகம்

நன்றி அண்ணே. இணைப்பானும் கம்பியும் சிம் லிம் டவரில் பார்த்துக்கொள்கிறேன். அக்கா, இந்த வாரம் பிமினியைக் கழற்றிக்கொண்டு வரட்டுமா?

ஊசிநூல்

கழற்றாதீர்கள். துணி சட்டத்தில் முழுசாக இழுத்துக் கட்டியிருக்கும்போதுதான் அளவெடுக்க வேண்டும், தரையில் விரித்தால் எல்லா அளவும் தப்பாகும். பேனல் நான்கையும் முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் என்று சொல்லி அடுத்த சரக்கில் இரண்டு சென்டிமீட்டர் மாற்றி அனுப்புகிறார்கள், ஜிப் தைத்த பிறகு அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு என்னிடம் மருந்து கிடையாது. பேனல் வந்ததும் சொல்லுங்கள், நானே படகுக்கு வருகிறேன்.